அரசுக்குச் சொந்தமான கருமை

ஒரு வேலையை இருபத்திரண்டு வருஷம் ஒழுங்காகச் செய்தால் என்ன ஆகும் என்பது படைவீரர் நினைவுக் காட்சியகத்தின் உதவியாளர் அலெக்சாண்டருக்கு 1999ஆம் வருஷம் ஜூன் மாதம்தான் தெரியவந்தது. அப்போது அவர் ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம் இருந்தது.

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் காட்சியகத்தில் நாற்பத்தோரு வெள்ளிச் சாமான்கள் உண்டு. துப்பாக்கி சுடும் போட்டிக் கோப்பைகள், கேடயங்கள், யாரோ ஒரு கர்னலுக்கு யாரோ கொடுத்த வெள்ளி யானை ஒன்று. 'ஆய்வு அலுவலர் தம் திருமுகத்தைத் தெளிவாகக் காணும் அளவுக்கு மேற்படி பொருட்களின் பளபளப்பு பேணப்படல் வேண்டும்' என்று ஒரு சுற்றறிக்கை சுவரில் ஒட்டியிருந்தது. அலெக்சாண்டர் திங்கள்கிழமைதோறும் நாற்பத்தொன்றையும் தேய்த்தார். வருஷத்துக்கு ஒருமுறை ஆய்வு அலுவலர் வருவார், பெரிய கோப்பை முன்னால் நின்று தலை வாரிக்கொள்வார், 'திருப்தி' என்று எழுதிவிட்டுப் போவார்.

அந்த ஜூனில், எல்லா அலுவலகங்களும் தங்கள் சொத்துக்கு மதிப்புப் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. பழைய வெள்ளிக்கு மதிப்புப் போடுவதில் பேர்போன ஜூலியா மேடம் ரிச்மண்ட் டவுனிலிருந்து கார் ஏறி வந்தார். பெங்களூரில் புதுப் பணம் வந்தவர்களுக்கெல்லாம் பழைய சாமான் வேண்டியிருந்த காலம் அது. வெள்ளி பளபளத்தால் நேற்று வாங்கியது என்று அர்த்தம், கறுத்திருந்தால் பரம்பரை. இந்திராநகரில் ஒரு வீட்டில் சந்தனக்கிண்ணத்தைப் புளி போட்டுத் துலக்கிய சமையல்காரருக்கு அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிட்டது என்று பேச்சு.

ஜூலியா கையுறை மாட்டிக்கொண்டு பெரிய கோப்பையைத் தூக்கிப் பார்த்தார்.

"இதை யார் இப்படித் தேய்ச்சது?"

"நான்தான் மேடம். இருபத்திரண்டு வருஷமா. ஒரு திங்கக்கிழமைகூட விட்டதில்லை," என்றார் அலெக்சாண்டர். பாராட்டுக்குத் தயாராகச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

ஜூலியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "பழைய வெள்ளிக்கு அந்தக் கறுப்புதாங்க மதிப்பே. தேய்க்கத் தேய்க்கக் கறுப்போட கொஞ்சம் வெள்ளியும் போகும். இங்க ஒரு பேர் செதுக்கியிருந்திருக்கு. இப்ப வழவழன்னு இருக்கு. சும்மா விட்டிருந்தா நாலு மடங்கு போயிருக்கும்."

காட்சியகக் கண்காணிப்பாளர் சீனிவாசராகவன் காதில் 'போயிருக்கும்' மட்டும்தான் விழுந்தது. மூன்றாம் நாள் அலெக்சாண்டருக்கு ஒரு குறிப்பாணை வந்தது. 'அரசுக்குச் சொந்தமான கருமையை, உரிய முன்னனுமதியின்றி, இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தொடர்ச்சியாக அகற்றியமைக்காக உம்மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாகாது?'

அலெக்சாண்டர் சுவரிலிருந்த சுற்றறிக்கையைப் பெயர்த்துக்கொண்டு போய் மேசைமேல் வைத்தார். "சார், தேய்க்கச் சொன்னது ஆபீஸ்தானே?"

"இதுல பளபளப்புன்னு இருக்கு. கறுப்பை எடுக்கச் சொல்லி எங்க இருக்கு, காட்டுப்பா."

"கறுப்பை எடுக்காம பளபளப்பு எப்படி சார் வரும்?"

"அது உன் தொழில்நுட்பப் பிரச்சனை. ஆபீஸ் அதுல தலையிட முடியாது."

இது இப்படி இருக்கையில் தாரணி வந்து சேர்ந்தாள். ஜோகுபாளையத்துப் பெண், பொம்மனஹள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் தாத்தா ஹவில்தார் சாமிநாதன் 1938இல் துப்பாக்கி சுடுவதில் ஜெயித்து வாங்கியதுதான் அந்தப் பெரிய கோப்பை. அவர்கள் குடியிருந்த குறுக்குத் தெருவுக்கு அவர் பெயரை வைக்கலாம், ஆனால் ஆதாரம் வேண்டும் என்று வார்டு ஆபீசில் சொல்லியிருந்தார்கள். வீட்டிலிருந்த காகிதங்களைக் கறையான் தின்று பல வருஷம் ஆகிவிட்டது.

"கோப்பையில தாத்தா பேர் இருக்கும் அங்கிள். இருக்குன்னு ஒரு லெட்டர் கொடுத்தா போதும்," என்றாள்.

அலெக்சாண்டர் பெரிய கோப்பையைத் திரும்பிப் பார்த்தார். ஆயிரம் தடவைக்கு மேல் அந்தப் பெயர்மேல் துணி ஓட்டியவர் அவர். எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து என்று கட்டைவிரலுக்குத் தெரியும். ஆனால் கட்டைவிரலை எந்த ஆபீசிலும் சாட்சியாக ஏற்பதில்லை; அதுவும் குற்றம் சாட்டப்பட்டவரின் கட்டைவிரலை.

"இருந்துதும்மா," என்று மட்டும் சொன்னார்.

இதற்குள் சீனிவாசராகவன், போன கருமையைத் திரும்பக் கொண்டுவர வழி உண்டா என்று ஜூலியாவைப் போனில் கேட்டிருந்தார். "அவிச்ச முட்டையோட பெட்டியில மூடி வெச்சா வெள்ளி கறுக்கும். ஆனா அது நிஜக் கறுப்பு இல்ல, ஒரு மதிப்பும் கிடையாது," என்றார் அவர். கண்காணிப்பாளர் முதல் பாதியைக் குறித்துக்கொண்டார்.

முட்டை வாங்குவதில் ஒரு சிக்கல் வந்தது. அழுக்காக்கும் பொருள் வாங்க அரசுக் கணக்கில் தலைப்பே இல்லை. அதனால் துப்புரவுப் பொருள் என்ற தலைப்பில் வாங்க முடிவாயிற்று. ஐயங்காரான சீனிவாசராகவன், முட்டை என்று தன் கையால் எழுதக் கூசி, 'நீள்கோள வடிவக் கருமையூட்டி, ஒரு டஜன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

கோப்பையையும் அவித்த முட்டைகளையும் வைத்து மூடிய பெட்டியை மூன்று நாள் கழித்து அலெக்சாண்டர் திறந்தார். நாற்றத்தில் பக்கத்து அறை டைப்பிஸ்ட் லீவு போட்டுவிட்டுப் போனார். கோப்பை நவாப்பழ நிறத்தில் இருந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பழக்கதோஷத்தில் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தார். மேட்டிலிருந்த கறுப்பு விரலோடு வந்தது. கண்ணுக்கே தெரியாமல் போயிருந்த பள்ளங்களில் மட்டும் கறுப்பு தங்கி, மயிரிழை மயிரிழையாகப் பெயர் எழும்பி வந்தது. ஹவில்தார் சாமிநாதன், 1938.

அலெக்சாண்டர் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு தாரணியின் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டார். அவள் இரண்டு பஸ் மாறி வந்து பார்த்தாள். தாத்தாவின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டுப் பார்த்தாள். படம் எடுக்கலாமா என்று கேட்டாள். படம் எடுக்கத் தடை என்ற பலகையைச் சீனிவாசராகவன் காட்டினார்.

"ரெண்டு பேர் பார்த்தா அது பார்வை. அஞ்சு பேர் பார்த்தாதான் ஆதாரம்," என்றார்.

தலைமையகத்திலிருந்து ஐவர் குழு வந்தது. தலைவர் குனிந்து பார்த்து, "எழுத்து மாதிரிதான் இருக்கு. கறையா எழுத்தான்னு உறுதி செய்யணுமே," என்று சுட்டுவிரலால் அழுத்தித் தேய்த்தார். எழுத்துதான் என்று கையெழுத்திட்டார். இரண்டாமவர் தலைவரைவிடக் கவனக்குறைவானவர் என்று பெயர் வாங்க விரும்பாமல் இன்னும் அழுத்தித் தேய்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். மூன்றாமவர் கைக்குட்டையால் தேய்த்தார். நாலாமவருக்குக் கண் கொஞ்சம் மங்கல். மேசைமேல் பாலிஷ் டப்பா இருந்ததைப் பார்த்து, தெளிவாகத் தெரியட்டும் என்று ஒரு சொட்டு விட்டு நன்றாகத் தேய்த்தார். மிச்சமிருந்த மயிரிழைப் பள்ளமும் அதோடு போயிற்று.

அலெக்சாண்டர் "சார், சார்" என்று இரண்டு தடவை சொன்னார். குழு பேசும்போது உதவியாளர் குறுக்கிடக் கூடாது என்றார்கள்.

ஐந்தாமவர் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒண்ணுமே இல்லையே."

"எங்க நாலு பேருக்கும் தெரிஞ்சுது," என்றார் தலைவர்.

ஐந்தாமவர் வேலையில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கையெழுத்திட்டார்.

இவ்வாறாக, கோப்பையில் இல்லாத பெயர் கோப்பில் ஏறியது. பெயர் இருப்பது நிரூபணமானதால், அது தேய்ந்து போகவில்லை என்றாயிற்று. தேயவில்லையானால் அலெக்சாண்டர் மேல் குற்றமும் இல்லை. குறிப்பாணை ரத்தானது. தாரணிக்கு ஐந்து கையெழுத்தும் மூன்று முத்திரையும் போட்ட சான்றிதழ் கிடைத்தது; அதன் இன்னொரு பிரதி காட்சியகத்தில் இருந்தது. தெருவுக்குப் பெயர்ப் பலகையும் வந்தது.

மறுபடி மதிப்புப் போட வந்த ஜூலியா, கோப்பையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். சான்றிதழைத்தான் வெகுநேரம் பார்த்தார். "இத்தனை கையெழுத்து, ஓரத்துல டீக் கறை, காகிதம்கூட லேசாப் பழுத்திருக்கு. இதைக் கண்ணாடிக்குள்ள வைங்க. யாரையும் துடைக்க விடாதீங்க."

கோப்பை பின்னறைக்குப் போய், அதன் பீடத்தில் சான்றிதழ் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை ஜோகுபாளையத்திலிருந்து தெருவே திரண்டு வந்தது. தாரணி தன் பள்ளிப் பிள்ளைகளையும் வரிசையாக அழைத்து வந்திருந்தாள். ஒவ்வொருவராகக் கண்ணாடியருகே குனிந்து பார்த்தார்கள்.

"அறுபது வருஷமாச்சு, எழுத்து எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க," என்றார் ஒரு பெரியவர்.

"அந்தக் காலத்து வேலை இல்லையா," என்றார் அலெக்சாண்டர்.