கத்தரி பட்ட காட்டுச் சாமந்தி

அந்தச் செடியை ஒழித்துக்கட்டுவது என்று தையல்காரர் பல் துலக்கும்போதே முடிவு செய்துவிட்டார்.

செடி என்ன பாவம் செய்தது? ஒன்றுமில்லை. ரோட்டோரம் கேட்பாரில்லாமல் பூக்கிற காட்டுச் சாமந்தி அது. குளிர் வந்தால் தண்டு கருகிவிடும். வேர் மட்டும் மண்ணுக்குள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்து மறு வருஷம் எழுந்து நிற்கும். பாவமெல்லாம் அதைக் கொடுத்த கையில்தான். கொடுத்தவர் பக்கத்து வீட்டு பஸ் டிரைவர்.

"இந்தச் செடியைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று மனைவி முதலில் கேட்டது என்னவோ புருஷனிடம்தான்.

"நாள் முழுக்கக் கத்தரி பிடிச்ச கை. வீட்டிலயும் பிடிக்கணுமா?" என்றார் தையல்காரர்.

அவள் சண்டை போடவில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

மறுநாளே ஆரம்பித்தது. "அந்த அண்ணன் கை இருக்கே, பட்ட கொம்பைத் தொட்டாக்கூடத் துளிர்க்கும்."

"பஸ் ஓட்டுற கைதானே?"

"ஆமா, எவ்வளவு பெரிய வண்டி! நீங்க ஓட்டுறது தையல் மிஷின்."

அன்று கடையில் ஒருவருடைய சட்டைக்குக் கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கை முளைத்தது. அவ்வளவு வயிற்றெரிச்சல்.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வேலைக்குக் கிளம்பியதும், துணி வெட்டும் பெரிய கத்தரியோடு தோட்டத்தில் இறங்கினார். மொட்டு வைக்குமுன்பே அத்தனை நுனியையும் நறுக்கித் தள்ளினார். "இது உன் மீசைக்கு, இது உன் ஹாரனுக்கு" என்று ஒவ்வொரு வெட்டையும் டிரைவர் கணக்கில் எழுதிக்கொண்டே வெட்டினார்.

சாயங்காலம் விசாரணை நடந்தது.

"ஐயையோ, யாருங்க இப்படிப் பண்ணினது?"

"ஆடு."

"ஆடு இவ்வளவு வரிசையாவா கடிக்கும்?"

"படிச்ச ஆடு போல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

நிம்மதி பூக்கும்வரைதான். வெட்டின இடத்திலெல்லாம் இரண்டிரண்டு கிளை வெடித்து, செடி புதராகி, மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தள்ளியது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"அந்த அண்ணன் குடுத்த செடின்னா சும்மாவா!" என்றாள் மனைவி.

தையல்காரர் குளிருக்காகக் காத்திருந்தார். தண்டு கருகியதும் கடப்பாரையால் புதரைப் பெயர்த்தெடுத்து, மண்வெட்டியால் துண்டு துண்டாகப் பிளந்து, வீட்டுக்குப் பின்னால் கல்லும் மண்ணுமாகக் கிடந்த மூலையில் வீசினார். கண்ணில் படக்கூடாதே என்று மேலே மண்ணைத் தள்ளி, ஆசை தீர மிதித்தும் வைத்தார்.

வெயில் வந்தது. மூலை முழுக்கச் சாமந்தி வந்தது.

இனிச் செடியோடு பேசிப் பயனில்லை, ஆளோடு பேசுவோம் என்று மதில் சுவரை நோக்கிப் பாய்ந்தார். அந்தப் பக்கம் டிரைவர், கையில் கடப்பாரையோடு, இவரை எரித்துவிடுவதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்களைத்தான் தேடிட்டிருந்தேன்" என்றார் டிரைவர்.

"என்னையா? எதுக்கு?"

"எங்க வீட்ல எப்பப் பாரு உங்க பாட்டுதான். தையல்காரர் கத்தரி வச்சா செடி சொன்னபடி கேக்குமாம், நான் ஸ்டியரிங் பிடிக்கத்தான் லாயக்காம். எத்தனை நாள் பொறுக்குறது? உங்க மேல இருந்த ஆத்திரத்துல எங்க வீட்டுச் செடியை வெட்டி, பிளந்து, குழி தோண்டிப் புதைச்சுட்டேன்."

"அப்புறம்?"

"நல்லா வந்திருக்கு."

இருவரும் மெதுவாகத் திரும்பினார்கள். தையல்காரர் வீட்டுப் பின்வாசல் படியில் இரண்டு மனைவிகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

தையல்காரருக்குக் கண் கலங்கியது. "அண்ணே, இனிமே நம்மளை யாரும் ஏமாத்த முடியாது" என்று மதிலுக்கு மேலே கையை நீட்டினார். டிரைவரும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா" என்றாள் தையல்காரர் மனைவி, டீயை ஊதிக்கொண்டே. "இந்த மதிலுக்கு வெள்ளையடிக்கணும். எங்க வீட்டுக்காரருக்கு ஸ்டூல்ல ஏறினாலே தலை சுத்தும். உங்க வீட்டு அண்ணன்னா ஒரே நாள்ல..."

"அட போம்மா! இவருக்கு ஒரு கோடு நேரா இழுக்க வராது. அதுக்கெல்லாம் தையல்காரர் கைதான் வேணும்."

பிடித்த கைகள் தளர்ந்தன.

இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஏணி ஒன்றுதான். ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்ததில் அதுதான் உடைந்தது.