மாரிசாமிக்கு மாரிசாமி சம்பந்தி

செந்த்-ரோஸ், ரெயூனியன் தீவு,
செவ்வாய்க்கிழமை.

என் மரியாதைக்குரிய அக்கா இராக்கம்மா அவர்களுக்கு, தம்பி மாரிசாமி வணங்கி எழுதுவது. இங்கே நான் உடம்பளவில் சுகம். மனதளவில் எப்படி என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அங்கே உங்கள் முழங்கால், தனுஜாவின் பரீட்சை, பசறையின் மழை எல்லாம் சீராக இருக்க வேண்டுமென்று நமுனுகுல மலை இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டேன். அது எந்தத் திசை என்று இங்கே ஒருவருக்கும் தெரியாததால் நான்கு திசையும் கும்பிட வேண்டியதாயிற்று.

இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் பாதியில் அழுவீர்கள், நீங்கள் அழுதால் நானும் அழுவேன், விஷயம் வெளியே வராது. கடிதத்துக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது என்பது முப்பத்தொரு வருடம் கொஸ்லந்தைத் தேயிலைத் தோட்டத்தில் தபால் கொடுத்தவனுக்குத் தெரியாதா. நம் பையன் நிஷாந்தோடு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை செய்யும் ஷுக்ரி என்ற பதுளைக்காரர் நாளை லீவில் ஊருக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்துகொண்டு படிக்கவும். பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளவும்.

எரிமலை பார்க்கப் போகிறேன் என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டு நான் கிளம்பியது பொய் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் மகள் தனுஜாவுக்குப் பேர் வைத்த அன்றே அவள் நம் நிஷாந்துக்குத்தான் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்தவன் நான். அவனோ இரண்டு வருடமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. தை மாதம் கல்யாணம் என்று வாயெடுத்தால் லீவு இல்லை என்று போனை வைத்துவிடுகிறான். ஆகவே நேரில் போய்க் காதைப் பிடித்து இழுத்து வருவதே என் திட்டம். ஜெயலெட்சுமி மட்டும், "போனோமா, நாலு இடத்தைப் பார்த்தோமா, வந்தோமான்னு இருங்க. அங்க போய்ச் சத்தம் போடாதீங்க" என்றாள். கட்டிய மனைவி ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

முதல் அதிர்ச்சி விமான நிலையத்திலேயே. கண்ணாடிக் கதவு திறந்ததும் நிஷாந்த் நின்றான், அவன் பக்கத்தில் ஒரு பெண் நின்றாள். மாநிறம், நீளப் பின்னல், நெற்றியில் சின்னப் பொட்டு. பதுளை பஸ் ஸ்டாண்டில் நின்றால் பசறை பஸ் எந்தப் பக்கம் என்று அவளிடம்தான் நாம் கேட்போம், அப்படி ஒரு முகம். நம் ஊரிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளை போலிருக்கிறது என்று நினைத்து, எந்தத் தோட்டம்மா என்று விசாரித்தேன். அவள் சிரித்து, குனிந்து என் காலைத் தொட்டு, "வணக்கம் மாமா" என்றாள். அந்த இரண்டு சொல்லோடு அவளுடைய தமிழ் தீர்ந்துபோயிற்று. நிஷாந்த் தரையைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, இது ஜெசீகா. இவளைத்தான் கட்டிக்கப் போறேன்" என்றான். யாராவது வெள்ளைக்காரியைக் காட்டுவான் என்று எதிர்பார்த்து, என்னென்ன சொல்லித் திட்டுவது என்று ஒரு வாரம் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன் அக்கா. நிறம் ஒத்துவராது, சாமி ஒத்துவராது, சாப்பாடு ஒத்துவராது என்று மூன்று தலைப்பு. மூன்றும் அந்த வாசலிலேயே வீணாகிப் போயின.

வெளியே வேனுக்குப் பக்கத்தில் அவளுடைய அப்பா நின்றார். என் வயதுதான் இருக்கும், என்னைப் போலவே வழுக்கை. நெஞ்சில் கை வைத்து, "மரிஸ்ஸாமி" என்றார். என்னைக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, ஆமாங்க என்றேன். அவர் மறுபடியும் தன் நெஞ்சைத் தட்டி அதையே சொன்னார். நான் என் நெஞ்சைத் தட்டி நான்தான் மாரிசாமி என்றேன். இப்படி இரண்டு பேரும் நெஞ்சைத் தட்டிக்கொண்டு நிற்க, போகிற வருகிறவர்கள் பெட்டியோடு நின்று பார்த்தார்கள். பிறகுதான் நிஷாந்த் விளக்கினான். அவர் பெயர் றொனி; மரிஸ்ஸாமி என்பது அவர்கள் குடும்பப் பெயர். நம் ஆட்களைத் தேயிலைக்காக மலை ஏற்றின அதே காலத்தில் இவர்களுடைய ஆட்களைக் கரும்புக்காகக் கப்பல் ஏற்றியிருக்கிறார்கள். வந்து இறங்கியவர் பெயர் மாரிசாமி. அதைப் பிரெஞ்சுக்காரன் தன் வாய்க்கு வந்தபடி எழுதிக்கொண்டான். பிறகு பிறந்த அத்தனை பேருக்கும் அதுவே பின்பெயராகிவிட்டது.

நீங்கள் இப்போது அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம். நம் பையன் பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறது? மாரிசாமி நிஷாந்த். அந்தப் பெண்ணின் கார்டில்? மரிஸ்ஸாமி ஜெசீகா. நம் வழக்கப்படி வாசித்தால் இரண்டு பேரும் எனக்குப் பிறந்தவர்கள். நான் மிகைப்படுத்தவில்லை, போன மாதம் பதிவுத் திருமணத்துக்குப் இவர்கள் பேப்பர் கொண்டுபோனபோது அலுவலகத்திலிருந்த அம்மணி, அண்ணன் தங்கைக்கெல்லாம் இங்கே பதிவு கிடையாது என்று திருப்பி அனுப்பினாளாம். அந்நியம் என்று தடுக்க வந்த நான், ரொம்பவும் சொந்தம் என்று தடுக்க வேண்டியவனாகிப் போனேன். குலசாமி எது என்று றொனியிடம் கேட்கச் சொன்னேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, மாரியம்மாவும் மாதாவும் என்றார். நமக்கு ஒன்று பொருந்துகிறது, ஒன்று பொருந்தவில்லை. இதற்கு எந்த ஐயரிடம் போய்க் கேட்பது.

மறுநாள் றொனி எங்களை ஊர் சுற்றிப் பார்க்கக் கூட்டிப்போனார். நம் எல்ல ஊரில் ரயில் பாலத்தைப் படம் பிடிக்கத் தண்டவாளத்தில் படுத்துக் கிடக்கும் வெள்ளைக்காரர்களைப் பார்த்து எத்தனை நாள் சிரித்திருக்கிறேன். இங்கே தொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாக வேனில் ஏறிய என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, அதுவும் ஒரு அதிர்ச்சிதான். கடலோரமாகப் பாதை போகிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, மலையிலிருந்து கடல்வரை ஒரே கறுப்பு. தேயிலை மலை தீப்பிடித்து எரிந்து, அப்படியே உறைந்து கல்லானது மாதிரி. வெய்யிலில் பார்த்தால் சுருட்டிப் போட்ட கயிறு, மடித்து வைத்த கம்பளி, கொதித்து வழிந்த பாகு என்று விதவிதமாகக் கிடக்கிறது. இரண்டாயிரத்து ஏழில் எரிமலைக் குழம்பு இந்தப் பாதையைத் தாண்டித்தான் கடலில் விழுந்ததாம். அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஆறும்வரை இருந்துவிட்டு அதன் மேலேயே புதுப் பாதை போட்டோம் என்றார் றொனி. மறுபடி வந்தால்? மறுபடி போடுவோம் என்றார். நான் காலைத் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டேன். கடலுக்குள் கொஞ்சம் கால் நனைக்கலாமே என்று கேட்டதற்கு அங்கே சுறா இருக்கிறது என்றார்கள். மலையில் நெருப்பு, கடலில் சுறா, நடுவில் மரிஸ்ஸாமிகள் வனிலாக் கொடி நட்டுக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்கள்.

வழியில் ஒரு மாதா சிலை. மாதா கையில் நீலக் குடை. நெருப்புக் குழம்பு தோட்டத்துக்குள் வராமலிருக்கப் பிடித்திருக்கிறாளாம். அதற்கப்பால் ஒரு மாதா கோவில். எழுபத்தேழில் குழம்பு ஊருக்குள் இறங்கி, தேவாலயத்தின் வாசல்வரை வந்து, கதவுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது. நின்ற இடத்தில் கறுப்புக் கல் இன்னும் அப்படியே நிற்கிறது. நான் செருப்பைக் கழற்றி விழுந்து கும்பிட்டேன். எந்தச் சாமி என்று அந்த நேரத்தில் பார்க்கத் தோன்றவில்லை.

பகல் சாப்பாடு றொனியின் வீட்டில். தட்டில் தக்காளியும் மிளகாயும் இடித்த ஒன்றை வைத்து ருகாய் என்றார்கள். தின்று பார்த்தேன், ஊறுகாயின் பேத்தி. ஒரு கீரை வைத்தார்கள், மூரூம் என்றார்கள். பார்த்தால் நம் முருங்கை. கப்பலில் வந்ததில் வழியில் எழுத்துகள் உதிர்ந்துபோயிருக்கின்றன, ருசி உதிரவில்லை. கோபமாக இருக்கும் மனிதன் இரண்டாவது தடவை கீரை கேட்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். கேட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அக்கா, எப்படி எழுதுவது என்று தெரியாமல் இவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டு வந்தேன். குழம்பு ஓடிய இடத்தில் மேலே ஆறி, உள்ளே வடிந்து, மண்ணுக்கடியில் குகைபோல் குழாய் விட்டிருக்கிறது. தலைக்கு ஹெல்மெட், நெற்றியில் விளக்கு மாட்டி அதற்குள் போவதற்கு இங்கே ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். நானும் வீம்புக்குப் போனேன். முதலில் நடந்தோம், பிறகு குனிந்தோம், பிறகு தவழ்ந்தோம். ஓர் இடத்தில் என் வயிறு மாட்டிக்கொண்டது. முன்னால் றொனி என் இரண்டு கையையும் பிடித்து இழுக்கிறார், பின்னாலிருந்து ஜெசீகா என் காலைச் சப்பாத்தோடு பிடித்துத் தள்ளுகிறாள். மாமனார் காலை மருமகள் தொடலாம், ஆனால் இப்படித் தள்ளுவதை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. சிரிப்புத்தான் வர வேண்டும். எனக்கு மூச்சு வரவில்லை. அந்த இருட்டு, அந்த ஈர மண் வாசம். வெளியே இழுத்துப் போட்ட பிறகும் என் கை நடுங்குவது நிற்கவில்லை.

றொனி ஒரு கல்லில் என்னை உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தார். பயப்பட வேண்டாம் என்று சொல்லி, தன் கதையைச் சொன்னார், நிஷாந்த் மொழிபெயர்த்தான். எழுபத்தேழில் அவர் சின்னப் பிள்ளை. அவர்கள் வீடு குழம்புக்குள் போனது. ஆனால் ஒருவரும் சாகவில்லை. அது மெதுவாகத்தான் வரும், கட்டிலையும் கோழியையும்கூடத் தூக்கிக்கொண்டு நடக்க நேரம் இருந்தது என்றார்.

"எங்க மலை நடந்து வராதுங்க," என்றேன் நான். "ஓடி வரும்."

பிறகு நான் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தையில் மலை மண் சரிந்த அன்று காலை என் பையில் அந்த லயங்களுக்குப் பதினொரு கடிதம் இருந்தது. நான் போனபோது விலாசம் இல்லை. லயம் இருந்த இடத்தில் சேறு ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் வந்து தங்கியவர்களைத் தேடித் தேடி ஏழு கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். நான்கு கடிதத்துக்கு ஆள் இல்லை. திருப்பி அனுப்பக் கை வராமல், இன்னும் என் அலுமாரியில் வேட்டிக்கடியில் இருக்கின்றன. அந்தக் குகைக்குள் மாட்டிக்கொண்டபோது அந்த நான்கு பெயரும் வரிசையாக ஞாபகம் வந்தது.

நிஷாந்த் இதை மொழிபெயர்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, "எனக்கு ஏம்ப்பா சொல்லல?" என்று மட்டும் கேட்டான். அப்போது அவன் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, எப்படிச் சொல்வது. ஜெசீகாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனாலும் என் கையிலிருந்த கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, அந்த நடுங்கும் கையைத் தன் இரண்டு கைக்குள் பிடித்துக்கொண்டாள். நடுக்கம் நிற்கும்வரை விடவில்லை. வேனில் ஏறும்போது றொனி எனக்குத் தோள் கொடுத்தார். நானும் அவர் தோளில் கை போட்டுக்கொண்டேன். சண்டை போட வந்தவன் செய்யக்கூடிய காரியமா இது.

ஆகவே அக்கா, உங்களுக்குக் கொடுத்த வாக்கை என்னால் காப்பாற்ற முடியாது என்று நினைக்கிறேன். இன்னும் சரி என்று இவர்களிடம் சொல்லவில்லை; உங்கள் வாயால் கேட்காமல் சொல்லவும் மாட்டேன். நீங்கள் முடியாது என்றால் பையனை எப்படியாவது கூட்டி வந்துவிடுகிறேன். தனுஜாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள், சாப்பிட்ட பிறகு சொல்லுங்கள். என்னைத் திட்டுவதானால் மனம் ஆறும்வரை திட்டுங்கள், பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். மச்சானுக்கு என் வணக்கம். தனுஜா எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயதிருக்க மாரியம்மாவையும், இங்கே வந்த பழக்கத்தில் மாதாவையும் வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

தங்கள் பிரியமுள்ள தம்பி,
கொ. மாரிசாமி.

பின்குறிப்பு: கடிதத்தை ஷுக்ரியிடம் கொடுத்தேன். அவர் உறையின் மேல் விலாசத்தைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இந்த ஆன்ட்டிதானே போன லீவுல ஜெசீகாவுக்குக் கூறைச்சேலை குடுத்து விட்டாங்க" என்றார். நான் அதே இடத்தில் உட்கார்ந்து, உறையைத் திரும்ப வாங்கிப் பிரித்துவிட்டேன். நிஷாந்தை மடக்கிக் கேட்டதில், எட்டு மாதமாக உங்களுக்கு, மச்சானுக்கு, ஜெயலெட்சுமிக்கு, பசறையில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும் என்று ஒப்புக்கொண்டான். தனுஜாவுக்கே போன் போட்டேன். "ஒரே தட்டுல சாப்பிட்டு வளர்ந்தவரை எப்படி மாமா கட்டுறது? நான் போன வருஷமே அம்மாகிட்ட முடியாதுன்னுட்டேன். உங்ககிட்ட சொல்லத்தான் எல்லாருக்கும் பயம்" என்கிறது பிள்ளை. ஆகையால் மேலே எழுதிய மன்னிப்பு முழுவதையும் வாபஸ் வாங்குகிறேன். நீங்கள்தான் எனக்கு ஒன்று எழுத வேண்டும். பதிவுக்கும் வழி பிறந்துவிட்டது, நானும் றொனியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று நாங்கள் இரண்டு பேர் என்று காட்டினால் போதுமாம். வெள்ளிக்கிழமை போகிறோம். சேலை என்ன நிறம் என்று உடனே போனில் சொல்லவும். கல்யாணத்துக்கு முன் காட்ட மாட்டோம் என்கிறார்கள், எனக்கு அதற்குப் பொருத்தமாக ஒரு சட்டை எடுக்க வேண்டும்.