ஒல்லாந்தர் வீடு காட்டப் போன கதை

பயந்தவன் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டான். பிழையையும் முழுதாகத்தான் விடுவான். என்னை வைத்தே சொல்கிறேன்.

எண்பத்துநாலில் எனக்குக் கலியாணம் பேசினார்கள். பெண் வசந்தி. கொழும்பில் வளர்ந்தவள், எண்பத்துமூன்று கலவரத்தோடு பெற்றாருடன் வந்து கொடிகாமத்தில் உறவினர் வீட்டில் இருந்தாள். தகப்பனார் பென்சன் எடுத்த அரசாங்கக் கிளாக்கர். நான் நீர்வேலியில் வாழைக்குலை வியாபாரி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். (பள்ளிக்கூடம் என்னை விட்டது என்றும் சொல்லலாம்.) சம்மதம் சொல்லுமுன் அவர் ஒன்று கேட்டார்.

"தம்பி, பட்டினத்தை ஒருநாள் சுத்திக் காட்டுமன். பறங்கியள், ஒல்லாந்தர் இருந்த இடமெல்லாம் பாக்கவேணும்."

சோதனை வைக்கிறார் என்று விளங்கிவிட்டது. அன்றோடு என் நித்திரை போனது. காரின் ரயர் வெடித்தால்? அவருக்கு வயிற்றைக் கலக்கினால்? எல்லாவற்றையும்விட, ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டால்?

வாடகைக் காரில் வசந்தி, தாய், தகப்பன் மூவரையும் ஏற்றிப் போனேன். கோட்டைக்குள் ஆமி. தூரத்தில் நிறுத்தி, நாடியைத் தூக்கிக் காட்டினேன். (கையை நீட்டினால் துவக்கு என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்.)

"எப்ப கட்டினது, தம்பி?"

"கனகாலம், ஐயா."

"மணிக்கூட்டுக் கோபுரம் ஆர் கட்டினது?"

"அதே ஆக்கள்தான்."

(இல்லையாம், இங்கிலீசுக்காரராம்.) வசந்தி சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

மானத்தைக் காப்பாற்ற, பழைய ஒல்லாந்தர் வீடுகள் இருந்த தெருவுக்குக் காரைத் திருப்பச் சொன்னேன். கிடைத்தது ஒன்று! தடித்த தூண்கள், ஓட்டுக்கூரை, அகலத் திறந்த கதவு. முற்றத்தில் கதிரைகள் போட்டு, வெள்ளை உடுத்த சிலர் அமைதியாக இருந்தார்கள். வாசலில் நின்றவர் எங்களைக் கண்டதும் கைகூப்பி உள்ளே காட்டினார். ஒரு பெண் கோப்பி கொண்டுவந்து தந்தாள். வீடு பார்க்க வருகிறவர்களுக்கு இவ்வளவு மரியாதையா என்று பூரித்துப்போனேன்.

விறாந்தையில் நின்று, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று உரத்துச் சொன்னேன்:

"இந்த வீட்டிலை இருந்தவை எல்லாரும் எப்பவோ செத்துப்போச்சினம், ஐயா!"

உள்ளேயிருந்து ஓவென்று அழுகை கிளம்பியது.

எட்டிப் பார்த்தேன். மெழுகுதிரிகள். சிலுவை. நடுவே பெட்டி. எங்கள் பக்கத்துச் செத்த வீடென்றால் பறைமேளம் ஊர் எல்லையிலேயே சொல்லிவிடும். வேதக்காரர் வீட்டு அமைதியை நான் எங்கே கண்டேன்?

திரும்பி ஓடலாமென்றால், செத்தவரின் மனைவி வசந்தியின் தாயைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கிவிட்டார். தாயும் சேர்ந்து அழுதார். செத்தவரின் மகன் வசந்தியின் தகப்பனாரிடம் வந்தான்.

"ஐயா அப்பாவோடை அரசாங்கக் கச்சேரியிலை வேலை செய்தனியளோ?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஓம்" என்றார்.

"அப்ப ரெண்டு வார்த்தை கதையுங்கோ, ஐயா."

மனிதர் எழும்பினார். என் கலியாணம் அந்தப் பெட்டிக்குள் படுத்திருப்பதுபோல எனக்குத் தெரிந்தது.

"அவரோடை எனக்குக் கனக்கப் பழக்கமில்லை. ஆனா இந்த வீட்டுக்குள்ளை ஆரெண்டு தெரியாதவனும் வரலாம். ஏன் வந்தனி எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம். கதிரை தருவினம், கோப்பி தருவினம். வீட்டை அப்பிடி வைச்சிருந்த மனிசன்."

எல்லோரும் விம்மினார்கள். நான்தான் கூடுதலாக. (எனக்காக.)

செத்த வீட்டுத் துடக்கோடு நல்லூர்க் கோயிலுக்குப் போகமுடியாது. காரை நேரே கீரிமலைக்கு விட்டோம், முழுக. கேணியில் மூன்று முறை முங்கி எழும்பிய பிறகு தகப்பனார் கேட்டார்:

"அந்த மனிசி கட்டிப்பிடிச்சு அழேக்கை, வீடு மாறி வந்திட்டம் எண்டு நீர் ஏன் சொல்லேல்லை?"

"அழுகிற ஆளிட்டை அதை என்னெண்டு சொல்லுறது, ஐயா? பாவமாய்க் கிடந்தது. பயமாயும் கிடந்தது."

தலையைத் துவட்டி, துவாயைப் பிழிந்து தோளில் போட்டார்.

"சரித்திரம் உமக்குச் சரிவராது, தம்பி. மற்றப்படி ஒண்டுமில்லை. வீட்டிலை சொல்லிக் கலியாணத்துக்கு நாள் பாப்பியும்."

இன்றைக்கும் எங்கள் சொந்தத்துக்குள் ஒரு செத்த வீட்டில், யாருக்கும் தெரியாத முகம் ஒன்று வந்து இருந்தால், வசந்தி என் காதுக்குள் கேட்பாள்: "உவர் ஆர்? சொந்தமோ, இல்லாட்டி வீடு பாக்க வந்தவரோ?"

எதற்கும் இருக்கட்டும் என்று, முதல் கோப்பியை அவருக்குத்தான் கொடுப்பேன்.