சைரன் கலைத்த படை

குளிக்கும்போதும் ஹெல்மெட்டைக் கழற்றாத ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் சைரன்தான். இதை எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்லத் தயார். லாட்ஜ் குளியலறையில் கூரைக் காரை உதிர்ந்துகொண்டிருந்தது வாஸ்தவம். ஆனால் அதே காரைக்குக் கீழே நாங்கள் எல்லோரும் வெறுந்தலையோடு குளித்து உயிரோடுதான் இருந்தோம். அவர் மட்டும் மஞ்சள் ஹெல்மெட்டின் மேல் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொள்வார். தகரக் கொட்டகையில் மழை பெய்வதுபோல் சத்தம் கேட்கும்.

"தலைக்குத் தண்ணி போவுதா சைரனு?" என்று வெளியே வாளியோடு நிற்பவன் கத்துவான்.

"மொதல்ல தலை இருக்கட்டும் நைனா. தண்ணி அப்பால போவும்" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

கும்மிடிப்பூண்டி பைபாஸை ஒட்டி இருந்தது அந்த லாட்ஜ். நான் ஓர் இரும்பு ஆலையில் லாரிகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அவர் தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் சேஃப்டி பிரிவு. நிஜப் பெயரை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. தொழிற்சாலையில் விபத்து ஒத்திகை நாளன்று அவர்தான் சைரன் அடிப்பார். அடித்ததும் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு, பச்சைப் பலகை நட்டிருக்கும் 'ஒன்றுகூடும் இட'த்துக்கு ஓடிவர வேண்டும். அவர் தலைகளை எண்ணுவார். எண்ணிக்கை சரியாக வந்து, அவர் வாயால் "ஆல் கிளியர்!" என்று சொன்ன பிறகுதான் மறுபடி உள்ளே போகலாம். மேனேஜரானாலும் அதுவரை வெயிலில் நிற்க வேண்டியதுதான். அந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்லும்போது அவர் ஒரு சாண் கூடுதல் உயரமாகத் தெரிவார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வேலை முடிந்து வந்தாலும் வேலை அவரை விடாது. மெஸ்ஸில் சாம்பார் சிந்தினால் சுற்றிலும் நாற்காலி போட்டுத் தடுப்பு வைப்பார். ஒருமுறை தன் அறையில் டியூப்லைட் மாட்டுவதற்காக லாட்ஜின் மெயின் சுவிட்சை அணைத்தார். வேறு யாரும் போட்டுவிடக் கூடாதே என்று அதற்கு ஒரு பூட்டும் போட்டு, 'ஆள் வேலை செய்கிறார், தொடாதே' என்ற சிவப்பு அட்டையையும் தொங்கவிட்டார். டியூப்லைட்டை மாட்டினார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். அன்று முழுக்க லாட்ஜே கையில் விசிறியோடு உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் திரும்பி வந்தவரைச் சூழ்ந்துகொண்டு கத்தினோம். அவர் அமைதியாக ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"யாருக்காச்சும் ஷாக் அடிச்சுதா?"

இப்படிப்பட்டவர், பாராசூட்டில் குதித்துக் கண்ணில் பட்டவனையெல்லாம் சுட்டுத் தள்ளும் ஆன்லைன் விளையாட்டில் போய் விழுந்தார் என்றால் நம்புவீர்களா? விழுந்தார். நாலு பேர் சேர்ந்தால் ஒரு படை. இவரோடு சேர்ந்த மற்ற மூவரின் பெயர் நண்டு, பிஸ்தா, ராணி. அது விளையாட்டுக்காக வைத்துக்கொண்ட பெயர். நிஜப் பெயர், ஊர், போன் நம்பர் எதையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது சைரன் போட்ட முதல் சட்டம். "முகம் தெரியாத எடம் சார், சேஃப்டி முக்கியம்" என்பார்.

எங்கள் இரண்டு அறைகளுக்கும் நடுவே இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். போர்க்களத்தில் அவர் போடும் சத்தம் முழுக்க எனக்குக் கேட்கும்.

"நண்டு, ஹெல்மெட் போட்டியா? பிஸ்தா, ஜீப்பை மெதுவா ஓட்டுப்பா, இன்னாத்துக்கு இவ்ளோ ஸ்பீடு? ராணிம்மா, மாடியில நிக்காதம்மா, கைப்பிடிச் சுவரு இல்ல பாரு!"

"சுடு அண்ணே, சுடு!" என்று போனுக்குள்ளிருந்து நண்டு அலறுவான்.

"சுடறது கெடக்கட்டும். மொதல்ல எல்லாரும் கீறீங்களா? ஒண்ணு, ரெண்டு..."

எண்ணி முடிப்பதற்குள் நாலு பேரும் செத்திருப்பார்கள். அடுத்த ஆட்டம். மறுபடி எண்ணிக்கை. தினமும் தோற்றுக்கொண்டு, தினமும் கூடிய படை அது. எனக்குத் தெரிந்து ஒருவரும் அதைவிட்டு விலகவில்லை.

காலையில் வராந்தாவில் பல் துலக்கும்போது எனக்கு நிலவரம் சொல்வார். பெயரும் ஊரும் தெரியாதே தவிர, மைக்குக்குப் பின்னால் கேட்கும் சத்தங்களிலிருந்து அந்த மூன்று வீடுகளையும் அவர் கட்டி எழுப்பியிருந்தார். நண்டு வீட்டில் குக்கர் விசில். பிஸ்தாவுக்குப் பக்கத்தில் ஓர் எருமை. ராணியின் பின்னால் எந்நேரமும் யாரோ ஒரு வயதானவரின் இருமல்.

"ராணி ஊட்டுப் பெரியவருக்கு நேத்து இருமல் கம்மி சார்" என்பார், நேரில் போய் நலம் விசாரித்துவிட்டு வந்தவர்போல. "பிஸ்தாவோட எருமதான் சொகமில்ல போலக்கீது. சத்தமே காணோம்."

அந்த வருடம் பொங்கல் லீவு நெருங்கியது. பண்டிகைக்குத் தொழிற்பேட்டை காலியாகும் விதத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆரம்பாக்கத்துக்காரர்கள் ஒரே ரயிலில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார்கள். தெற்கேயிருந்து வந்தவர்கள் பையும் கரும்புமாகப் பஸ்ஸில் தொங்குவார்கள். உலைகள் அடங்கும். புகைபோக்கிகள் சும்மா வானத்தைப் பார்த்து நிற்கும். இரும்புத் தூசி படிந்த வேப்பமரங்களில் இத்தனை அணில்களா என்று அன்றைக்குத்தான் தெரியும். அந்த அமைதி காதுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டு, எழுந்து போக மறுக்கும். லாட்ஜில் மிச்சம் இருந்தது நாங்கள் இருவர். எனக்கு அப்போது போவதற்கு ஊர் என்று ஒன்று இல்லை. அவருக்கு இருந்தது.

"நீங்க போகலையா?" என்றேன்.

"பொதட்டூர்பேட்டையில அண்ணன் ஊடு கீது சார். போனா சோறு போடுவாங்க. அப்பால டிவியைப் போட்டுட்டு அவங்கவங்க வேலையைப் பாத்துகினு பூடுவாங்க. போன பொங்கலுக்கு அங்க நான் பேசனதே 'போதும், போதும்'னு ரெண்டு வார்த்தைதான், அதுவும் இலையில. இங்க எனக்கு மூணு பேரு கிறாங்க. மூணு பேருக்கும் லீவு. நாலு நாளும் காலையில இருந்தே ஆடறதா பேச்சு!"

அவர் கண்ணில் புதுத் துணி வாங்கித் தரப்போகிறார்கள் என்று தெரிந்த பிள்ளையின் பளபளப்பு.

அந்தச் சமயத்தில்தான் செய்தி வந்தது. கிறிஸ்துமஸ் லீவில் ஏதோ ஒரு விளையாட்டைப் படுக்கவைத்த ஹேக்கர்கள், வரும் விடுமுறை நாட்களில் இன்னும் சிலவற்றையும் முடக்கப் போவதாக மிரட்டியிருந்தார்கள். அந்தச் சிலவற்றில் இவருடையதும் ஒன்று. போனைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு ஓடிவந்தார். தலையில் ஹெல்மெட்.

"கொஞ்ச நேரம் விளையாட முடியாது, அவ்வளவுதானே?" என்றேன்.

"இன்னா சார் இப்பிடிச் சொல்ற! கேஸ் லீக்கு மாதிரி சார் இது. ஒரு வால்வுல ஆரம்பிக்கும், பைப்பு பூரா போவும். மைக்கு வழியா போனுக்குள்ள பூந்து, போன் வழியா ஊட்டுக்குள்ள வந்துருவான். ராணி ஊட்ல வயசானவரு கிறாரு சார்!"

அன்றே படைக்குப் பயிற்சி தொடங்கியது. விளையாட்டுக்குள் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி உண்டு. அதுதான் இனி ஒன்றுகூடும் இடம். ஹேக்கர் வருகிற அறிகுறி தெரிந்தால் சைரன் அடிப்பார். அடித்ததும் வெளியேறிவிட வேண்டும். வெறுமனே வெளியேறினால் போதாது, விளையாட்டைப் போனிலிருந்தே அழித்துவிட வேண்டும். அவர் ஆல் கிளியர் சொல்லும்வரை யாரும் திரும்ப வரக் கூடாது. தொழிற்சாலையில் கழித்துப் போட்ட, கையால் சுற்றும் சைரன் ஒன்று அவர் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதை மைக்குக்கு முன்னால் வைத்துச் சுற்றி ஒத்திகை பார்த்தார். படை என்ன செய்ததோ தெரியாது. எதிர்வீட்டுக்காரர் பாதி சவரம் செய்த முகத்தோடு தெருவில் நின்றார்.

போகி அன்று காலை நாலு பேரும் கூடிவிட்டார்கள். நண்டு வீட்டுக் குக்கர் எனக்கே கேட்டது. படை இன்னும் சாகாமல் இருந்த ஒரு நல்ல நேரத்தில் பிஸ்தாவின் ஜீப் அந்தரத்தில் நின்றது. ராணி ஒரே இடத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். நண்டின் குரல் துண்டு துண்டாக வந்தது.

"வந்துட்டான்!" என்று அலறினார் சைரன்.

லாட்ஜ் வைஃபை இணைப்பு அறுந்துபோக, தன் போன் டேட்டாவுக்கு மாறி, கடைசி நிமிடத்தில் உள்ளே பாய்ந்து, சைரனைச் சுற்று சுற்றென்று சுற்றினார். "ஓடு நண்டு! பிஸ்தா, ஓடு! ராணிம்மா, போனை அமுக்கி அழிச்சிடும்மா!" தெருவில் போகிப் புகை வேறு. லாட்ஜ்தான் எரிகிறது என்று நாலு பேர் பக்கெட்டோடு மாடியேறி வந்துவிட்டார்கள்.

பயிற்சி வீண் போகவில்லை. மூன்று பேரும் சொன்னபடி வெளியேறிவிட்டார்கள். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஒரு உயிருக்கும் சேதம் இல்ல" என்றார். அவரிடம் அப்படி ஒரு கம்பீரத்தை நான் பார்த்ததில்லை.

அப்போது கீழேயிருந்து, மெஸ் நடத்தும் ஸ்டெல்லா அக்கா, கையெல்லாம் உளுந்து மாவோடு மேலே வந்தாள். மெஸ்ஸுக்கு லீவு, வீட்டுக்கு வடை சுட மாவு அரைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா சத்தம்? நல்ல நாளும் அதுவுமா!"

"ஹேக்கருக்கா! நெட்டை அறுத்துட்டான்!"

"எந்த நெட்டு? அந்தப் பச்ச லைட்டு டப்பாவா? அத நான்தான்யா புடுங்குனேன். கிரைண்டருக்கு பிளக்கு வேணாமா? இப்பதான் திரும்பச் சொருவிட்டு வரேன்."

பக்கெட்டோடு வந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். நானும் சிரித்தேன். சைரனும் சிரித்துக்கொண்டே போனை எடுத்தார், ஆல் கிளியர் சொல்வதற்காக. மைக்கைத் தொட்டவர், அப்படியே நின்றார்.

யாரிடம் சொல்வது? விளையாட்டுக்குள் செய்தி அனுப்பலாம்; அதைப் போனிலிருந்தே அழித்துவிட்டவர்கள் எங்கே பார்ப்பது? நம்பர் இல்லை. பெயர் இல்லை. ஊர் இல்லை. தொழிற்சாலையில் ஆட்கள் வாசலுக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில் நிற்பார்கள். இவருடைய ஆட்கள் வாசலைத் தாண்டி எந்தத் திசைக்கு ஓடினார்கள் என்றே தெரியாது. லீவு முழுக்க அவரை நம்பி, அவர் சொல்லுக்காக, மூன்று பேர் எங்கோ காத்திருப்பார்கள்.

ஸ்டெல்லா அக்காவுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. "ஒரு பிளக்கைப் புடுங்கனதுக்கா இவ்ளோ பேஜாரு?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். மதியம் வடையை ஒரு தட்டில் வைத்து அவர் கதவுக்கு வெளியே விட்டுப் போனாள். சாயங்காலம்வரை அதை எறும்புகள்தான் தின்றன.

பொங்கல் அன்று சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சே இல்லை. மெதுவாகக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். போனில் பெரிய மைதானம், ஒரு தண்ணீர்த் தொட்டி, அதன் கீழே ஹெல்மெட் போட்ட ஒரு சிப்பாய், தனியாக.

"யாராச்சும் மறந்தாப்புல வருவாங்க சார்" என்றார், திரும்பாமல். "வந்தா நான் இருக்கணுமில்ல?"

நண்டு தை மாதக் கடைசியில் ஒருநாள் வந்தான் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். பிஸ்தா அதற்கும் பிறகு. ராணி வரவேயில்லை. அந்தப் பெரியவரின் இருமல் என்ன ஆயிற்று என்று சைரன் வெகுநாள் கேட்டுக்கொண்டிருந்தார், யாரிடம் என்றில்லாமல்.

ஆனால் அதெல்லாம் பின்னால். அந்தப் பொங்கல் மதியம் நான் என் அறைக்குத் திரும்பி, கட்டிலில் கொஞ்ச நேரம் படுத்துப் பார்த்தேன். எழுந்தேன். என் போனில் அந்த விளையாட்டை ஏற்றினேன். அவர் வைத்திருந்த பெயரைத் தேடி, நானும் வரலாமா என்று கேட்கும் பொத்தானை அழுத்தினேன். புதிதாகச் சேருகிறவனுக்கு ஒரு பனியனும் அரை டிராயரும்தான் கொடுக்கிறார்கள். நடக்கத் தெரியாமல் ஒரு மரத்தில் முட்டி, வேலியில் சிக்கி, குட்டையில் விழுந்து எழுந்து, ஒருவழியாகத் தொட்டிக்குக் கீழே போய், தவறுதலாகச் சுவரைப் பார்த்து நின்றேன்.

"யாருப்பா அது?" என்றார் சைரன். "புதுசா? ஹெல்மெட் எங்க?"

நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

"பரவால்ல, பேசத் தோணலைன்னா வாணாம். நிழல்ல வந்து நில்லு நைனா. சாப்ட்டியா? பொங்கல் வெச்சாங்களா உங்க ஊட்ல?"

அவர் பேசப் பேச, அந்தக் குரல் செங்கல் சுவர் வழியாக முதலிலும், போன் வழியாக ஒரு மூச்சு தாமதித்தும் வந்தது. இரண்டு தடவையும் நான் தலையாட்டினேன். இருட்டும்வரை அவர் பேசிக்கொண்டேயிருந்தார். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.