அடிக்கல் அண்ணாச்சியும் நன்றியுரை சொல்லாத விழாவும்

தொண்ணூறுகளில் இந்தியப் பொருளாதாரம் எப்படி நிமிர்ந்தது என்று பெரிய பெரிய படிப்பாளிகள் தலையணை தண்டிக்குப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். தாராளமயம் என்கிறார்கள், அந்நிய முதலீடு என்கிறார்கள். ஒரு ஆளாவது அடிக்கல் அண்ணாச்சி பெயரைச் சொன்னானா? சொல்ல மாட்டான். திருநெல்வேலிச் சீமையில் அரசாங்கமும் தொழிலும் கைகோத்தது என்றால் அதற்கு ஒரே காரணம் அண்ணாச்சியின் சிவப்பு சோபாதான். இதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன்.

அண்ணாச்சிக்கு வண்ணார்பேட்டையில் பந்தல் கடை. பந்தல், சேர், மைக் செட், குத்துவிளக்கு, ரிப்பன், அதை வெட்டக் கத்திரிக்கோல், கத்திரிக்கோலை வைக்க வெள்ளித் தட்டு, கடைசியில் பெயர் வெட்டிய அடிக்கல் வரைக்கும் அவரிடம் வாடகைக்குக் கிடைக்கும். கல்லுமா வாடகைக்கு என்று வாயைப் பிளக்காதீர்கள். அந்தக் காலத்தில் அடிக்கல் நாட்டிய இடத்தில் தொழிற்சாலை வருவது அபூர்வம். கல் மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டு கிடக்கும். அண்ணாச்சி மாட்டுவண்டியோடு போய் அதைப் பிடுங்கி வந்து, பின்புறத்தில் அடுத்த பெயரை வெட்டிவிடுவார். ஒரே கல்லில் முன்பக்கம் சர்க்கரை ஆலை, பின்பக்கம் சிமெண்டு ஆலை என்று நானே பார்த்திருக்கிறேன். வெட்டின ரிப்பன் துண்டுகளையும் அவர் விடுவதில்லை. எல்லாம் அவர் வீட்டு எருமையின் கொம்புக்குப் போய்விடும். மாவட்டத்தில் எத்தனை திறப்புவிழா நடந்தது என்று தெரிய வேண்டுமானால் அந்த எருமையைப் பார்த்தால் போதும்.

நான் அப்போது தொழிலை வளர்ப்பதற்கென்றே இருந்த ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. ஆபீஸ் பெயர் வேண்டாம், பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறேன். விழா என்றால் நிகழ்ச்சி நிரல் டைப் அடிப்பது என் வேலை. நிரலின் கடைசி வரியான நன்றியுரையும் என் தலையில்தான் விழும். மேலே இருப்பவர் தலைமை தாங்குவார், நடுவில் இருப்பவர் வாழ்த்துவார், கீழே கிடப்பவன் நன்றி சொல்லுவான். அதைக் கேட்க எதிரே யாரும் இருக்க மாட்டார்கள், எல்லோரும் கேசரி வாங்கப் போயிருப்பார்கள். அண்ணாச்சி மட்டும் மைக் செட் பக்கத்தில் நின்று கடைசி வார்த்தை வரை கேட்பார். "மேடையும் பந்தலும் அமைத்த அண்ணாச்சிக்கு" என்று வரும்போது லேசாகத் தலையை ஆட்டுவார். அதற்குத்தான் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும்.

சோபாவுக்கு வருகிறேன். மேடை நடுவில் போடுகிற இரண்டு பேர் சோபா, சிவப்பு வெல்வெட். நடு ஸ்பிரிங் செத்துப்போய்விட்டது. ஒரு ஓரத்தில் பெரிய அதிகாரி விறைப்பாக உட்காருவார், மறு ஓரத்தில் மில் முதலாளி அதைவிட விறைப்பாக உட்காருவார். வரவேற்புரை முடிவதற்குள் இரண்டு பேரும் சறுக்கிச் சறுக்கி நடுவில் வந்து தோளோடு தோள் ஒட்டிவிடுவார்கள். தப்பிக்க வழியே கிடையாது. வேறு வழியில்லாமல் பேச ஆரம்பிப்பார்கள்.

"அண்ணாச்சி, ஸ்பிரிங்கை மாத்தப்படாதா? அதிகாரி முகம் சுளிக்காரு" என்றேன் ஒருநாள்.

"போவும்வே, கூறுகெட்டவரே! அவுக ஆபீஸ்ல மேசைக்கு அந்தப்பக்கம் இருக்காவ. இவுக இந்தப்பக்கம் நிக்காவ. நடுவுல எம்புட்டுத் தூரம்! இங்கனதான் ரெண்டு பேரும் ஒட்டி உக்காருதாவ. அந்த ஸ்பிரிங்கு செத்ததாலதான்வே இந்த ஜில்லா பொழைச்சுக் கெடக்கு!"

இவர் இதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. ஒரு முறை வண்ணார்பேட்டை ஓட்டல் ஒன்றில் கருத்தரங்கம். டெல்லியிலிருந்து ஒரு நிபுணர் வந்து, வளரும் நாடுகளில் அரசும் தொழிலும் விலகி நின்றால் தேக்கம், அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டால் ஊழல் என்று படம் போட்டு விளக்கினார். நாற்காலி போட வந்த அண்ணாச்சி, போட்ட நாற்காலிகளிலேயே ஒன்றில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், எழுந்து கையைத் தூக்கிவிட்டார்.

"அய்யா, அப்பம் எம்புட்டு நெருங்கலாம்? மொழங்கை இடிக்கலாமா, தோளு இடிக்கலாமா?"

எங்கள் மேனேஜருக்கு வேர்த்துக் கொட்டியது. நிபுணர் பாவம், நல்ல மனுஷன். தோள் இடிக்கலாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அப்பம் சரி. தோளு இடிக்கலாம், மடியில உக்காரப்படாது" என்று அண்ணாச்சி திருப்தியாக உட்கார்ந்தார். தன் சோபாவை டெல்லியே ஒத்துக்கொண்டது என்று அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அந்த அலட்டல் தாங்காமல் நான் அந்தத் தெரு வழியாகப் போவதையே கொஞ்ச நாள் நிறுத்தினேன்.

இந்தச் சமயத்தில்தான் மேலப்பாளையம் காதர் பாய் எங்கள் ஆபீசுக்கு வந்தார். துபாயில் காலமெல்லாம் உழைத்தவர். சம்பாதித்ததை எல்லாம் போட்டு பிளாஸ்டிக் குடம் செய்கிற மிஷின் வாங்கி வந்திருந்தார். தண்ணிக் கஷ்டம் உள்ள ஊரில் குடத்துக்கு என்ன குறைச்சல்? கங்கைகொண்டான் போகிற வழியில் எங்கள் ஆபீஸ் ஒரு பொட்டக்காட்டில் போர்டு நட்டு, தொழிற்பேட்டை தயார், வாருங்கள் வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தது. நம்பி வந்த ஒரே மனுஷர் அவர்தான். கொட்டகை போட்டார், மிஷினை இறக்கினார். கரண்டு இல்லை.

மின்சார ஆபீசில் கேட்டால், "ஃபேக்டரி ஓட ஆரம்பிக்கட்டும், உடனே லைன் இழுக்கோம்" என்றார்கள்.

"கரண்டு இல்லாம ஃபேக்டரி எப்படி ஸார் ஓடும்?"

"அது தொழில் ஆபீஸ்ல கேக்க வேண்டிய கேள்வில்லா?"

தொழில் ஆபீஸ் என்றால் நாங்கள். நாங்கள் உடனே கூட்டம் போட்டோம். இரண்டு ஆபீசும் ஒத்துழைப்பில் ஒன்றுக்கொன்று குறைந்ததில்லை. டீ வந்தது, உளுந்த வடை வந்தது, அடுத்த கூட்டம் எப்போது என்று முடிவாயிற்று. அந்தக் கூட்டத்திலும் வடை நன்றாகத்தான் இருந்தது. மிஷின் தார்ப்பாய்க்குள் கிடந்தது.

காதர் பாய்க்குத் துபாய் விசா முடிகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் மிஷின் ஓடாவிட்டால் மறுபடி விமானம் ஏற வேண்டியதுதான். ஒருநாள் பந்தல் கடையில் உட்கார்ந்து சொன்னார், "அண்ணாச்சி, நான் வீட்டுக்குள்ள நொழஞ்சா எம் புள்ள, 'உம்மா, அந்த மாமா வந்துருக்காங்க'ன்னு சொல்லுது. வாப்பான்னு கூப்பிடத் தெரியலை அதுக்கு. கூப்பிடப் பழகுததுக்குள்ள நான் ஏறிப் போயிருவேன் போல." சொல்லிவிட்டு அந்த மனுஷர் சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. அண்ணாச்சி விசா முடிகிற தேதியை மட்டும் கேட்டுக்கொண்டார்.

அடுத்த மாதம், அதே பொட்டலில் இன்னொரு பெரிய ஆலைக்கு மந்திரி வந்து அடிக்கல் நாட்டுவதாக ஏற்பாடு. பந்தல் அண்ணாச்சியுடையது. அவரோ எங்கள் மேனேஜரிடம் வந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "ஜெனரேட்டர் சீக்காயிட்டு ஸார். மந்திரி பேசும்போது மைக்கு நின்னுச்சுன்னா என்னையச் சொல்லப்படாது" என்றார். மேனேஜர் அலறி அடித்துக்கொண்டு மின்சார ஆபீசுக்கு ஓடினார். காதர் பாய்க்கு வராத கம்பமும் டிரான்ஸ்பார்மரும் மந்திரிக்கு ஒரே வாரத்தில் வந்து நின்றன. தற்காலிக இணைப்பு, விழா முடியும் வரை மட்டும். ஜெனரேட்டரோ அண்ணாச்சியின் எருமைத் தொழுவில் வைக்கோலுக்கு அடியில் கிண்ணென்று இருந்தது. அதன் கைப்பிடியிலும் ஒரு ரிப்பன்.

மந்திரி மத்தியானம் தாண்டித்தான் வந்தார். நாங்குநேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயாக வேண்டுமாம். கல்லைத் தொட்டார், அரசும் தொழிலும் மாட்டுவண்டியின் இரண்டு மாடுகள் என்றார், காரில் ஏறினார். அவர் பின்னாலேயே அத்தனை அதிகாரியும் ஓடினார்கள். மேடையில் நான் மட்டும், நன்றியுரையைக் கையில் பிடித்துக்கொண்டு. மைக்கைப் பிடித்து "பெரியோர்களே" என்று ஆரம்பித்தேன். 'டப்' என்று மைக் செத்தது. அண்ணாச்சி ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார்.

"வாயத் தொறந்தீரு, கொன்னுபோடுவேன்! பேசாம எறங்கி வாரும்வே!"

எனக்குக் கோபமான கோபம். கேட்பதற்கு ஆள் இல்லாவிட்டாலும் அது என் உரை அல்லவா?

மறுநாள் கம்பத்தைப் பிடுங்க லைன்மேன் வந்தார். "விழா முடிஞ்சுட்டுல்லா அண்ணாச்சி?"

"யாரு சொன்னா? நன்றியுரை சொல்லியாச்சா? நாட்டுப்பண் பாடியாச்சா? பந்தலைப் பாரும்வே, நிக்குதா இல்லியா? சேரு கெடக்கா? விழா நடந்துக்கிட்டுருக்கு. பைய வாரும்."

லைன்மேன் குழம்பிப்போய் அவருடைய இன்ஜினியரிடம் சொல்ல, இன்ஜினியர் எங்கள் ஆபீசுக்கு எழுதினார்: விழா முடிந்ததா, இல்லையா? எங்கள் மேனேஜர் அதைப் படித்து வெலவெலத்துப்போனார். முடிந்தது என்று எழுதினால், மந்திரி விழாவில் நாட்டுப்பண் பாடாமல் விட்டது ஏன் என்று மேலே கேட்பார்கள். சீட்டே கிழிந்துவிடும். வெகுநேரம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார், "விழா இன்னும் நிறைவு பெறவில்லைன்னு டைப் அடிச்சிடுப்பா." அடித்தேன். சர்க்கார் முத்திரையும் விழுந்தது. அதற்குப் பிறகு எந்தக் கொம்பனும் அந்தக் கம்பத்தைத் தொட முடியாது.

அன்று சாயங்காலமே காதர் பாயின் கொட்டகைக்குப் பந்தலிலிருந்து ஒயர் போனது. மிஷின் ஒரு இருமல் இருமி, முதல் குடத்தைத் துப்பியது. சிவப்புக் குடம், வாய் கொஞ்சம் கோணல். காதர் பாய் அதைப் பிள்ளையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார்.

உலகத்திலேயே மாதக்கணக்கில் நடந்த அடிக்கல் நாட்டு விழா அதுதான். மின்சார ஆபீஸ் ஜீப் ரோட்டில் தெரிந்தால் போதும், வேலையாட்களில் பாதிப் பேர் ஓடி வந்து சேரில் உட்கார்ந்து கை தட்டுவார்கள். அண்ணாச்சி மேடையில் ஏறி மாலையைப் போட்டுக்கொண்டு வாழ்த்துரை வழங்குவார். என்ன பேசினார் என்கிறீர்கள்? எருமை வளர்ப்பைப் பற்றித்தான். வேறு என்ன தெரியும் அவருக்கு? ஆனால் ஜீப் திரும்பிப் போன பிறகும் நிறுத்த மாட்டார். அதுதான் கஷ்டம்.

கடைசியில் இன்ஜினியரே நேரில் வந்துவிட்டார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அண்ணாச்சி அவரை, "வாங்க வாங்க, சிறப்பு விருந்தினரு" என்று மேடைக்கு இழுத்துப்போய்ச் சோபாவில் உட்காரவைத்தார். மறு ஓரத்தில் காதர் பாயை உட்காரவைத்தார். அவ்வளவுதான். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஜினியர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். டீ கிளாசை வாங்க ஒரு கையை விட்டார். சறுக்கிவிட்டார். தோளும் தோளும் இடித்தது.

"ஏன் பாய், இப்படியா ஏமாத்துவீக?" என்றார், இடித்தபடியே.

"ஏமாத்தலை ஸார். ஃபேக்டரி ஓடுனா லைன் தாரேன்னு நீங்கதான சொன்னீங்க? ஓடுது ஸார். சத்தம் கேக்குதா?"

இன்ஜினியர் டீயைக் குடிக்காமல் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டார். பிறகு, "ஓடத்தான் செய்யுது" என்றார். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. அதுவரை மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தார், அவ்வளவுதான். விசா முடிவதற்கு முன்பே நிரந்தர லைன் வந்துவிட்டது. கரண்டு இருக்கிறது என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்தில் இன்னும் நாலு கொட்டகை முளைத்தது. காதர் பாய் விசாவைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டார். ஒருநாள் மத்தியானம் அவர் மகள் சோத்துத் தூக்குவாளியோடு வந்து பந்தல் வாசலில் நின்று, "வாப்பா!" என்று ஒரு சத்தம் போட்டது பாருங்கள், லைன் வந்த பிறகும் மேடையை விடாமல் எருமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அண்ணாச்சிக்குப் பேச்சு வரவில்லை. நான் பார்த்து அவர் தானாக உரையை நிறுத்தியது அன்று ஒருநாள்தான்.

அரசு தொழில் ஒத்துழைப்புக்கு முன்மாதிரி என்று எங்கள் மேனேஜருக்குக் கேடயம் கொடுத்தார்கள். கேடயம் கொடுத்த விழாவுக்கும் பந்தல் அண்ணாச்சிதான். அவரை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. நான் கொதித்துப்போய், "உமக்கு ரோஷமே இல்லையா அண்ணாச்சி?" என்றேன். அவர் மேடையைக் காட்டி, "சோபாவப் பாரும்வே, ரெண்டு பேரும் எப்படி ஒட்டிட்டாவ!" என்று கண்ணடித்தார்.

"பொட்டல் விழாவை முடிச்சிருவமா? நன்றியுரை இன்னும் எங்கிட்டதான் இருக்கு."

"கெடக்கட்டும்வே. முடிச்சு என்ன செய்யப் போறோம்?"

பந்தல் ஒரு ஐப்பசி மழையில் தானாக விழுந்தது. நன்றியுரை சொல்லப்படவே இல்லை.

போன வருஷம் அண்ணாச்சி போய்ச் சேர்ந்தார். காதர் பாயின் ஃபேக்டரி வாசலில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். கம்பெனிக்காரர்கள், ரிட்டையர் ஆன அந்த இன்ஜினியர், எல்லோரும் வந்திருந்தார்கள். மேடைக்குக் கீழே அந்தச் சோபாவில் அண்ணாச்சி படத்தை வைத்திருந்தார்கள். ஓரத்தில்தான் வைத்தார்களாம், நான் போகும்போது படம் நடுவுக்குச் சறுக்கியிருந்தது. நிரலின் கடைசி வரியில் வழக்கம்போல நன்றியுரை, என் பெயர். இத்தனை வருஷம் கழித்து, கேட்பதற்கு ஆட்கள் நிறைய இருந்தார்கள். மேடையும் பந்தலும் அமைத்தவருக்கு என்று சொல்லும்போது தலையாட்டுகிற ஆள்தான் இல்லை.

மைக்கைப் பிடித்தேன். "விழா நடந்துக்கிட்டுருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, இறங்கி வந்து அவர் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்துகொண்டேன்.