மூன்று தடவை இழுத்துப் பார்த்த கதவு

அன்புள்ள என் கிலுகிலுப்பைக்கு,

உங்கள் வீட்டுக்காரி எழுதிக்கொள்வது. நான் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்டால் பதில் போட ஆளில்லை, அதனால் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கொம்பும் காலும் முன்னே பின்னே இருந்தால் பென்சிலை எடுத்து வட்டம் போடாதீர்கள். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க நீங்கள் தெருமுனையில் திரும்பும்போதே நான் இங்கே டீக்குத் தண்ணீர் வைப்பேன். இப்போது எந்தச் சத்தத்துக்கு வைப்பது என்று தெரியாமல் கண்ட நேரத்தில் வைக்கிறேன். அதை விடுங்கள். ஒரு பெருமையைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நம் வீட்டை இப்போது நான்தான் பூட்டுகிறேன்.

முப்பத்தொரு வருடத்தில் வாசல் கதவை நான் ஒரு நாளும் பூட்டியதில்லை. அது உங்கள் வேலை. பூட்டுவீர்கள், மூன்று தடவை இழுத்துப் பார்ப்பீர்கள், தெருமுனை வரை போய்ச் சந்தேகம் வந்து திரும்பி நாலாவது தடவையும் இழுப்பீர்கள், பஸ் போவதைப் பார்த்துக்கொண்டு நான் நிற்பேன். நீங்கள் போய் இரண்டு மாதம் கழித்து மாத்திரை வாங்கப் போகவேண்டி வந்தது. கொத்தில் பதினேழு சாவி. ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்து எப்படியோ பூட்டிவிட்டேன். திரும்பி வந்தால் எதைப் போட்டுப் பூட்டினேன் என்பது மறந்துபோச்சு. ஒன்றை முறுக்கினேன், அது பாதி என் கையிலும் பாதி பூட்டுக்குள்ளும் நின்றது. அது நாம் ஒன்பது வருடத்துக்கு முன் விற்ற சைக்கிளின் சாவி.

மார்க்கெட் முனையில் குடை விரித்து உட்காருவாரே சாவிக்காரர், அவரைக் கூட்டிவந்தேன். மனுஷன் பையைக் கூடத் திறக்கவில்லை. கதவில் தோளை வைத்து ஒரு தள்ளு தள்ளினார், திறந்துகொண்டது. "அக்கா, இது பூட்டவே இல்லையே," என்றார். கதவு இறங்கிப்போனதில் பூட்டின் நாக்கு நிலையில் உள்ள ஓட்டைக்குப் போகாமல் ஒரு விரற்கடை கீழே மரத்தில் முட்டிக்கொண்டு நின்றதாம், சாவி பாதி திரும்பியதையே நாம் பூட்டியதாக நினைத்திருக்கிறோமாம், அதுவும் பல வருடமாக. எனக்குச் சுருக்கென்றது. "என் வீட்டுக்காரர் மூணு தடவ இழுத்துப் பார்த்த கதவு தம்பி அது," என்றேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "உள்பக்கம் திறக்கிற கதவு அக்கா. அவர் இழுத்துப் பார்த்தாரு. திருடன் தள்ளியில்ல பார்ப்பான்."

நான் உங்களை விட்டுக்கொடுக்கவில்லை. நீங்கள் இழுத்த இழுப்பைப் பார்த்த எந்தத் திருடனுக்கும் தள்ளிப்பார்க்கத் தோன்றியிருக்காது என்று சொல்லிவிட்டேன்.

விஷயம் நம் மகள் காதுக்குப் போய்விட்டது. "தனியா இருந்தது போதும்மா, துணிமணியக் கட்டி வை, மாசக் கடைசியில வந்து கூட்டிட்டுப் போறேன்," என்றாள். அவள் வீட்டில் எனக்கு என்ன குறை, ஒன்றுமில்லை, ஆனால் அங்கே நீங்கள் உட்கார்ந்த நாற்காலி இல்லை. பூட்டத் தெரியாதவள் என்றுதானே கூப்பிடுகிறாய், தெரிந்துகொண்டு காட்டுகிறேன் என்று மூன்று நாள் அந்தக் குடைக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். சாவிக்காரர் ஒரு பூட்டைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஐந்து குட்டி ஊசி வரிசையாக நிற்கிறது, சரியான சாவியின் பல்லு பட்டால்தான் ஐந்தும் ஒரே மட்டத்துக்கு வந்து வழி விடும், இல்லாவிட்டால் ஒன்றாவது முறைத்துக்கொண்டு நிற்கும், நம் வீட்டுக் கல்யாணத்தில் உங்கள் பெரியண்ணன் நின்ற மாதிரி. பூட்டு எவ்வளவு நல்லதானாலும் நிலை பலமில்லாவிட்டால் பிரயோசனமில்லையாம். நம் நிலைத் தகட்டைப் பிடித்திருந்தது காலண்டர் மாட்டுகிற அளவுக்கு இரண்டு ஆணி. விரல் நீளத் திருகாணி வாங்கி நானே முறுக்கி ஏற்றினேன், உள்ளங்கையில் இன்னும் கொப்புளம் இருக்கிறது. கதவைத் தூக்கிக் கீலை மாற்றியாயிற்று. புதுப் பூட்டு, இழுத்தாலே தானாகப் பூட்டிக்கொள்ளும், மறதிக்காரிக்கு ஏற்றது. பின்கதவுக்கு உள்ளே மேலும் கீழும் தாழ்ப்பாள். வெளியே நிற்பவரைப் பார்க்க நீங்கள் வைத்த கதவுக்கண் உங்கள் உயரத்துக்கு இருந்தது, நான் முக்காலி போட்டு ஏறுவதற்குள் வந்தவர் போய்விடுவார். என் உயரத்துக்கு இன்னொரு கண் வைத்தேன். உங்களுடையதை அடைக்கச் சொன்னார்கள், நான் அடைக்கவில்லை.

பூட்டை மாற்றியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளியே எங்கேயோ ஒரு சாவி ஒளித்து வைத்திருப்பதாகச் சொல்வீர்கள். எங்கே என்று கேட்டால், "உனக்குச் சொன்னா சாயங்காலத்துக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சிடும்," என்பீர்கள். இருக்கிற இடம் தெரியாத சாவி திருடன் கையில் இருக்கிற சாவிக்குச் சமம் என்றார் சாவிக்காரர். இப்போது நாலு புதுச் சாவி. ஒன்று ஆணியில், ஒன்று கைப்பையில், ஒன்று பருப்பு டப்பாவில், ஒன்று மகளுக்கென்று காகிதத்தில் மடித்து மேசைமேல். இன்று மாசக் கடைசி, ஐந்து மணிக்கு அவள் வருகிறாள். வந்து பார்க்கட்டும், அம்மா எப்படிக் காவல் காக்கிறாள் என்று.

நீங்கள் இருக்கிற இடத்தில் பூட்டு இருக்காது என்று நினைக்கிறேன். கை சும்மா இருந்தால் எதையாவது இழுத்துக்கொண்டிருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக் காவல்காரி

பின்குறிப்பு: இதை வாசற்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதத்தை வெளிச்சத்தில் ஒருதரம் படிக்கலாம் என்று பேனாவும் கையுமாக வெளியே வந்தவள், ஆசைக்கு உங்களைப் போலவே கதவை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். முதல் தடவையிலேயே பூட்டிக்கொண்டது, மற்ற இரண்டும் உங்களுக்காக. நாலு சாவியும் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. பின்கதவில் தாழ்ப்பாள், மேலும் கீழும், போட்டது நானேதான். ஐந்து மணிக்கு வந்த மகள் என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், சாவிக்காரருக்குப் போன் போட்டாள். அன்றைக்கு ஒரே தள்ளில் திறந்தவர் இன்றைக்கு முக்கால் மணி நேரமாக வேர்த்துக் கொட்ட முழங்கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். "அக்கா, உங்க வீட்டுக்குத் திருட வர்றவன் சாப்பாடு கட்டிட்டுத்தான் வரணும்," என்கிறார். மகள் சிரித்துவிட்டாள். நீங்கள் போனபிறகு இப்போதுதான். "இங்கேயே இரும்மா, ஆனா ஒரு சாவிய எங்கிட்டக் குடு," என்றாள்.

அவர் பூட்டோடு மல்லுக்கட்டுகிற நேரத்தில் நானும் அவளும் நீங்கள் ஒளித்த சாவியைத் தேடினோம். தொட்டிக்குக் கீழே, மீட்டர் பெட்டிக்குப் பின்னால், குழாய் மூடிக்குள், எங்கும் இல்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் விரலைத் திருப்பித் திருப்பிக் காட்டினீர்களே, ஃபேனைக் கூட்டச் சொல்கிறீர்கள் என்று நினைத்துக் கூட்டிவைத்தேன். அது ஃபேன் இல்லை, சாவி என்று இன்றைக்குத்தான் எனக்கு உறைக்கிறது. அந்தச் சாவி இனி எந்தக் கதவையும் திறக்காது, தெருவுக்கே தெரிந்தாலும் ஒன்றும் ஆகாது. இப்போதாவது சொல்லுங்களேன், எங்கேதான் வைத்தீர்கள்?