கட்டாயமில்லை அக்கா

ஒஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் வாழும் உயிரினங்களுக்குள் மிகச் சாதுவானதும், மிக அன்பானதும், ஒருவரையும் ஒருபோதும் எதற்கும் வற்புறுத்தாததுமான இனம் ஒன்று உண்டு. அதற்குக் கட்டாயமில்லை அக்கா என்று பெயர். பெயர் நான் வைத்ததுதான். பெப்ரவரி கடைசியில், புது மாணவர்கள் வந்து சேரும் வாரத்தில், சிட்னியிலோ மெல்பேர்னிலோ தமிழ் மாணவர் சங்கம் உள்ள ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பாருங்கள். புல்வெளியில் நூறு சங்கங்கள் மேசை போட்டிருக்கும். சதுரங்கக்காரர், மலை ஏறுகிறவர்கள், திமிங்கிலத்தைக் காப்பாற்றுகிறவர்கள் எல்லாரும் வா வா என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார்கள். ஒரு மேசையில் மட்டும் சத்தம் இருக்காது. ஒரு தட்டு முறுக்கு இருக்கும். ஒரு குத்துவிளக்கு இருக்கும், தீயணைப்பு விதிகளுக்குப் பயந்து ஏற்றாமல். அதற்குப் பின்னால் ஒரு புன்னகை இருக்கும். அதுதான் அக்கா. அவர் உங்களைக் கூப்பிடமாட்டார். தலையை ஒரு பக்கம் லேசாகச் சாய்ப்பார். மிச்சத் தூரத்தை நீங்களாகவே நடந்து கடப்பீர்கள்.

நான் அறிந்த அக்காவின் பெயர் பிரசாந்தினி. 2001ஆம் ஆண்டு, சிட்னி, பார்மசி மூன்றாம் வருடம். நான் அப்போது இரண்டாம் வருடம். மதியத்தில் அவரைச் சுற்றிப் போடப்படும் எட்டுக் கதிரைகளில் ஒன்று எனக்கும் இருந்தது. ஆகவே இங்கே சொல்லப்போவது கேள்விப்பட்டதல்ல, கண்டது.

முதலில் அக்காவின் விசாரணை. "உங்கட பேர் என்ன தங்கச்சி? நல்ல பேர். அப்பான்ட ஊர் எது? பன்னிரண்டாம் வகுப்பில எத்தினை புள்ளி? ஆரிட்ட டான்ஸ் பழகினீங்கள்? அரங்கேற்றம் முடிஞ்சுதோ?" எல்லாம் முறுக்கு நீட்டிக்கொண்டே. குடிவரவு அதிகாரிகள் எங்கள் பெற்றோரிடம் இவ்வளவு கேட்டிருந்தால் பாதிப்பேருக்கு விசா கிடைத்திருக்காது. கேட்டு முடிந்ததும் அக்கா உங்கள் தோளைத் தட்டி, "சும்மா கேட்டனான். சேரவேணும் எண்டு கட்டாயமில்லை. நோ பிரஷர்" என்பார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் நீங்கள் சேர்ந்துவிடுவீர்கள். அதற்குப் பிறகு எதுவுமே கட்டாயமில்லை. புதன்கிழமை மதியம் எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவது கட்டாயமில்லை, ஆனால் வராதவரின் கதிரையில் அக்காவின் கைப்பை அடுத்த புதன்வரை குடியிருக்கும். கரும்பச்சைச் சேலை கட்டாயமில்லை, ஆனால் சென்னையில் சொல்லி எடுப்பித்தாயிற்று. எண்ணெய் வைத்துப் பின்னல் போடுவதை நிறுத்தவேண்டும் என்று கட்டாயமில்லை, "ஆனா தங்கச்சி, உங்கட முகத்துக்குத் தலைமயிரை விரிச்சுவிட்டா எவ்வளவு வடிவு!" கண்ணாடி போடக்கூடாது என்று யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. எட்டுப் பேரில் ஐந்து பேர் கண்ணில் லென்ஸ் போட்டுக்கொண்டு, மூன்று பேர் ஒன்றும் தெரியாமல் தடவிக்கொண்டு திரிந்தோம். நான் தடவியவர்களில் ஒருத்தி. ஒருமுறை வேறொரு பேராசிரியரின் வகுப்பில் போய் இருந்து முழு விரிவுரையும் கேட்டுவிட்டு வந்தேன்.

இப்படியான ஓர் அன்புச் சூழலுக்குள் அந்த வருடம் இரண்டு பெண்கள் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி கலா. மற்றவள் ஜலீலா. சிட்னியின் லிட்கம் புறநகரில் பக்கத்துப் பக்கத்துத் தெரு, ஒரே பள்ளிக்கூடம், காலையில் ஒரே ரெயின். யார் முதலில் ஏறினாலும் பக்கத்துக் கதிரையில் பையை வைத்து மற்றவளுக்கு இடம் பிடிப்பாளாம். இரண்டு பேரும் பத்துப் பன்னிரண்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவர்கள். அதனால் அவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தமிழ் எழுதவும் வாசிக்கவும் தெரியும். எங்கள் தமிழ்ச் சங்கத்தில் அதுவரை ஒருவருக்கும் அந்தக் குறை இருக்கவில்லை. எனக்கு மட்டும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் புண்ணியத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், அதை நான் வெளியே காட்டிக்கொள்வதில்லை.

கலாவின் விசாரணை சுமுகமாக முடிந்தது. ஜலீலாவின் பக்கம் அக்கா திரும்பினார்.

"உங்கட ஊர் எது?"

"யாழ்ப்பாணம், அக்கா."

"ஓ, யாழ்ப்பாணமோ? இல்லை, நான் கேட்டது, அதுக்கு முதல் எவடம்?"

"முதலும் யாழ்ப்பாணம்தான். வாப்பாவும் அங்கதான் பிறந்தவர். தொண்ணூறில முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்னவை. அதுக்குப் பிறகு புத்தளம், பிறகு இஞ்ச."

ஒஸ்திரேலியாவில் பிறந்த அக்கா, தான் கண்ணால் காணாத யாழ்ப்பாணத்திலிருந்து அந்தப் பெண்ணைச் சற்று நேரம் நிதானமாகப் பார்த்தார். பிறகு, "சோ சாட்" என்றார். "முறுக்குச் சாப்பிடுங்கோ."

அன்றைக்கே கலா தெளிவாகச் சொல்லிவிட்டாள். "சேந்தா ரெண்டு பேரும் சேருவம் அக்கா. இல்லாட்டி நானும் இல்லை." நல்ல பிள்ளை. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயோ, கட்டாயம் ரெண்டு பேரும்தான்!" என்றார். அவர் வாயிலிருந்து கட்டாயம் என்ற சொல் தனியாக வந்ததை நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

எங்கள் சங்கத்தில் புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் சடங்குக்குப் பூ வைத்தல் என்று பெயர். அக்காமார் ஒரே நிறச் சேலையில் வரிசையாக நிற்க, புதிய தங்கச்சி நடுவில் வந்து நிற்பாள். அவளுடைய தலையில் துணியால் செய்த மல்லிகைச் சரம் ஒன்றைக் குத்துவார்கள். அதோடு அவள் நம்மவள். பூ வைக்கப்படாதவளும் தாராளமாகச் சங்கத்தில் இருக்கலாம், மின்னஞ்சல்கூட வரும், ஆனால் புதன்கிழமை அவளுக்கு எந்தக் கதிரை என்று அவளுக்கும் தெரியாது, கதிரைக்கும் தெரியாது. அந்த வருடம் பூ வைத்தலை எங்கே வைக்கலாம் என்று அக்கா ஒரு கிழமை யோசித்தார். கன்ரீனில் சத்தம். பூங்காவில் காற்று. கடைசியில், "மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில வைப்பம், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு. எல்லாருக்கும் வசதி" என்றார்.

எல்லாருக்கும். எட்டுப் பேரும் தலையாட்டினோம். ஜலீலாவின் முகத்தைப் பார்க்காமல் இருக்க நான் என் சோற்றுப் பெட்டியின் மூடியை மிகக் கவனமாகத் துடைத்தேன்.

"ஜலீலா, நீங்களும் வாங்கோ" என்றார் அக்கா, பெருந்தன்மையோடு. "உள்ளுக்குள்ள வரவேணும் எண்டு கட்டாயமில்லை. கார் பார்க்கில வச்சும் பூ வைக்கலாம்."

"பரவாயில்லை அக்கா, எனக்கு அசைன்மென்ட் இருக்கு" என்றாள் ஜலீலா.

கலா அன்றிரவு, பூ வைத்தலுக்குப் போகமாட்டேன் என்று தாயிடம் சொல்லி அழுதாளாம். தாய் சந்திரவதனா விவரம் தெரிந்த மனுஷி. "உனக்கு என்ன விசரே? நல்ல குடும்பத்துப் பிள்ளையள். நாளைக்கு நாலு பேரின்ட தொடர்பு வேணும். ஜலீலா தங்கமான பிள்ளை, அவ கோவிக்கமாட்டா." இதில் ஒரு பொய்யும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஜலீலா தங்கமான பிள்ளைதான், கோபிக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கலாவின் தலையில் பூ ஏறியது. நான்தான் குத்தினேன். அவளுடைய காதிலும் குத்திவிட்டேன், லென்ஸ் போடாத குறை.

ஜலீலாவை அக்கா கைவிட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். அவரைப் போய் அப்படி நினைக்கலாமா? ஓகஸ்ட் மாதக் கலைவிழாவுக்கு அவளுக்கு இரண்டு பெரிய பொறுப்புகளைத் தேடிக் கொடுத்தார். ஒன்று, வாசலில் ரிக்கற் கிழிக்கும் மேசை. "அது எங்கட முகம் மாதிரி, ஜலீலா!" மற்றது, எழுத்து. வரவேற்புரை, நடனங்களுக்கு நடுவே சொல்லும் அறிவிப்பு, நன்றியுரை எல்லாம் தமிழில் எழுதவேண்டும். அதுவரை நாங்கள் யாராவது ஓர் அங்கிளைக் கெஞ்சி எழுதுவித்து, அதையே பெயரை மாற்றி ஐந்து வருடமாக வாசித்துவந்தோம். ஜலீலா இரண்டு கிழமை இருந்து எழுதினாள். அக்கா வாசித்துப் பழகுவதற்காக எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் தட்டி மின்னஞ்சலிலும் அனுப்பினாள். எழுதியது எப்படி இருந்தது என்கிறீர்களா? ஒத்திகையில் அக்கா அதைத் தட்டித் தடவி வாசித்தபோதே, சேலைகளுக்கு இஸ்திரி போட வந்திருந்த நாகேஸ்வரி அன்ரி அடுப்பில் வைத்த பாலை மறப்பதுபோல் இஸ்திரிப் பெட்டியை மறந்துவிட்டார். ஒரு கரும்பச்சைச் சேலை அதோடு போயிற்று.

விழா மலர் அச்சாகி வந்தது. நடனம் பழக்கியவருக்கு நன்றி, ஒலி, ஒளி, முகப்பூச்சு, சமோசா, கார் நிறுத்தும் இடத்தில் நின்ற தம்பிமாருக்கு நன்றி, இஸ்திரிக்காக நாகேஸ்வரி அன்ரிக்கு விசேட நன்றி. ஜலீலாவின் பெயர் மட்டும் இல்லை. கலா போய்க் கேட்டாள்.

"இடம் காணாமப் போச்சு" என்றார் அக்கா. உண்மையாகவே வருத்தமாகத்தான் சொன்னார். "மேடையில சொல்லலாமே."

கலா ஓடிப்போய் ஜலீலாவிடம் சொன்னாள். "உன்ட பேரை மேடையில சொல்லுறதெண்டு அக்கா சொல்லிட்டா. நான் பொறுப்பு." அந்தப் பெண் முதல்முறையாக எங்கள் முன்னால் பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் கண்டேன். வாப்பாவையும் உம்மாவையும் விழாவுக்குக் கூட்டிவருவதாகச் சொன்னாள்.

விழா நாள். மாலை ஆறு மணி, மண்டபம் நிறைந்துவிட்டது. மூன்றாவது வரிசையில் ஜலீலாவின் வாப்பா அசனார் அங்கிள் கோட்டும் தொப்பியுமாக, பக்கத்தில் மனைவியோடு, கைகளை மடியில் வைத்து நேராக இருந்தார். திரைக்குப் பின்னால் வந்து ஜலீலா வரவேற்புரையை அக்காவின் கையில் கொடுத்தாள். அழகான கையெழுத்து. முழுவதும் தமிழ் எழுத்து.

அக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன? இங்கிலிஷில அடிச்சது எங்க?"

"கடைசியா கொஞ்சம் மாத்தி எழுதினனான். தமிழ்ச் சங்கம்தானே, அக்கா" என்று சொல்லிவிட்டு ஜலீலா தன் மேசைக்குப் போய்விட்டாள்.

திரை விலக இரண்டு நிமிடம். அக்கா வேர்த்துப்போய்த் தாளைக் கலாவின் கையில் திணித்தார். "நீங்கள் வாசியுங்கோ, ப்ளீஸ்." கலா மேடைக்கு நடந்தாள். திரையைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நான் நின்றேன். தாள் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அன்றைக்குக் கண்ணாடி போட்டிருந்தேன். முதல் வரி இதுதான்: 'இந்த உரையை எழுதியவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஜலீலா அசனார்.'

கலா அந்த வரியைப் பார்த்தாள். முன் வரிசையில் இருந்த அக்காமாரின் அம்மாமாரைப் பார்த்தாள். யாழ்ப்பாணம் என்ற சொல்லைப் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டாவது வரியிலிருந்து தொடங்கினாள்.

வாசகரே, இங்கேதான் நீங்கள் என் அக்காவுக்கு நியாயம் செய்யவேண்டும். அந்த வரியை விடு என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கவே முடியாது. அங்கே அப்படி ஒரு வரி இருந்ததே அவருக்குத் தெரியாது, இன்றுவரை தெரியாது. தெரிந்தது தாளைக் கையில் வைத்திருந்தவளுக்கும், பின்னால் நின்ற எனக்கும், கதவோரம் ரிக்கற் மேசையில் எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒருத்திக்கும்தான். உரை மிக நன்றாக இருந்தது. மண்டபமே கை தட்டியது. அசனார் அங்கிளும் தட்டினார், நிகழ்ச்சி முழுக்கத் தன் மகளின் பெயருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அன்று வந்த வெட்கம் இப்போதும் வருகிறது. அன்று வெட்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தேன்? நானும் தட்டினேன்.

ஜலீலா அதன் பிறகு சங்கத்துக்கு வரவில்லை, ரெயினிலும் வேறு பெட்டியில் ஏறினாள். கலா இரண்டு வருடத்தில் அருமையான அக்காவாக வந்தாள். பிரசாந்தினி அக்காவைவிட இனிமையானவள் என்று எல்லாரும் சொன்னார்கள்.

நீங்களாக இருந்தால் அந்த முதல் வரியை வாசித்திருப்பீர்கள். சந்தேகமே இல்லை. இந்தக் கதையைச் சொன்ன இடமெல்லாம் ஒருவர் விடாமல் எல்லாரும் வாசித்திருப்பார்கள். வாசித்திருக்கமாட்டேன் என்று சொன்ன ஓர் ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. போன கிழமை எங்கள் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு நன்றியுரை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். ஒரு பக்கத்துக்கு மேல் போய்விட்டது. சின்னதாக ஒரு பெயரை எடுத்துவிட்டேன். எடுக்கும்படி எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நீங்கள் கடைசியாக எழுதிய நன்றியுரை எங்காவது கிடந்தால், ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.